அசல், நகல், காது

1

லாப்டாப்பில் ஆம்ப் வைத்துக்கொண்டு கிதார் பழகுகிறவன் சங்கீதம் பழகவில்லை, சங்கீதம் பழகுவதுபோல் பாவனை செய்யப் பழகுகிறான் என்று நண்பர் ஒருவர் சமீபத்தில் வாதித்தார். வாதத்தில் வேகம் இருந்தது. வால்வு சூடேறி, ஸ்பீக்கரின் காகிதம் அதிர்ந்து, அறைக் காற்று நெஞ்சில் வந்து மோதுவதுதான் மின்கிதாரின் சப்தம். அதைக் கணக்காக மாற்றி ஹெட்போனில் ஊற்றிக்கொள்வது கவரிங் நகை போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பதற்குச் சமம் என்றார். அங்கிருந்த ஆறேழு பேரில் பெரும்பாலோர் தலையாட்டினார்கள். ஒன்றைப் போலி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. நம் விமர்சனத்தில் பாதி இந்தச் சௌகரியத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

'அசல்' என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கையாளுகிறேன். ஒரகடம் சாலையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா வேலை. அங்கே அசல் என்றால் கடனாக வாங்கிய தொகை, மற்றதெல்லாம் வட்டி. நகைக்கடன் மேஜையில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் இழைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, அசலா இல்லையா என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார். தங்கத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஒரு சப்தத்தைப் பொறுத்தவரை உண்டா? நண்பர் உண்டு என்று நினைக்கிறார். எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடவும் முடியவில்லை. அசல்-போலிப் பிரச்னைக்குப் பின்னால் இன்னொரு பிரச்னை நின்றுகொண்டிருக்கிறது. அது ரசனையைவிட ஒழுக்கத்தைச் சேர்ந்தது. பிறர் காதில் விழாமல் பழகுகிற ஒரு பழக்கம் மனிதனை என்ன செய்கிறது என்பதே அது.

2

முதலில் அசலை எடுத்துக்கொள்வோம்.

வீணையின் சப்தம் வீணையிலேயே இருக்கிறது. பலாமரக் குடம் தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தருகிறது. மின்கிதார் அப்படியில்லை. அது ஒரு கட்டை. தந்திக்குக் கீழே காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது; உலோகத் தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின் அலை பிறக்கிறது. கிதார் செய்யும் வேலை அதோடு முடிந்தது. அந்த அலை சப்தமாவது வேறோர் இடத்தில், ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும். ஆகவே ஆம்ப் என்பது கிதாருக்குத் துணைச் சாமான் என்று நினைப்பது தவறு. அது வாத்தியத்தின் மறுபாதி. பிறக்கும்போதே தன் குரலை இன்னொரு யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட ஒரு வாத்தியத்தைப் பார்த்து, நீ ஏன் யந்திரத்தின் வழியாகப் பேசுகிறாய் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அந்த மறுபாதியின் சரித்திரத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1951ல் பிரிஸிஷன் பாஸ் என்ற மின்பாஸ் கிதாரைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு சுவாரஸ்யமான விஷயம். பாஸுக்கென்று மறுவருஷம் பாஸ்மன் என்ற ஆம்பைச் செய்தார். பாஸ்காரர்களைவிடக் கிதார்காரர்களுக்கே அது பிடித்துப்போயிற்று. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962ல் பாஸ்மனைப் பார்த்து அதேபோல் ஒன்றைச் செய்தார்கள். காரணம் எளிது: அமெரிக்கச் சரக்குக்கு அங்கே விலை அதிகம். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் பாகங்கள் உள்ளூரில் கிடைத்தவை, ஸ்பீக்கர்கள் இங்கிலாந்தில் செய்தவை, பெட்டியின் பின்புறம் மூடியிருந்தது. சப்தம் வேறாக வந்தது. அந்த 'வேறு' தான் பின்னால் ராக் கிதாரின் குரல் என்று உலகம் முழுதும் அடையாளமாயிற்று. இன்று மென்பொருள்காரர்கள் அணுஅணுவாக நகலெடுக்கும் அசல் மார்ஷல், விலை கட்டுப்படியாகாததால் செய்துகொண்ட ஒரு நகல்.

என் வேலையிடத்துக்கு வெளியே இதற்கு ஸ்தூலமான உதாரணம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹ்யுண்டாய் 1998ல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010ல். ஒரே மாதிரியான கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு போகின்றன. இவற்றில் எது அசல் கார்? கேள்வியே அபத்தம். வால்ட்டர் பெஞ்சமின் 1936ல் வெளிவந்த கட்டுரையில் புகைப்படத்தைப் பற்றி இதைத்தான் சொன்னார்: ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனையோ பிரதிகள் எடுக்கலாம் எனும்போது அசல் பிரதி எது என்று கேட்பதற்கு இடமில்லை. ஓவியத்துக்கும் சிலைக்கும் செல்லுபடியாகிற ஒரு கேள்வியைக் கொண்டுவந்து மின்கிதாரிடம் கேட்பது, செக்கைக் கொண்டுபோய் உரைகல்லில் தேய்ப்பது மாதிரி.

நம் சங்கீதக்காரர்கள் இந்த விவாதத்தை ஏற்கெனவே ஒரு தடவை நடத்தி முடித்தாயிற்று. பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர், அவரே புல்லாங்குழல் வாசிப்பவர், 1979ல் மின்னணுத் தம்பூராவைச் செய்தார். தம்பூராவின் நாதம் முழுக்க ஒரு சின்ன நூலில் இருக்கிறது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் அந்த நூலை நகர்த்தி நகர்த்தி, தந்தி ரீங்கரிக்கும் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். பெயரே ஒரு தத்துவம். பெட்டியில் ஜீவன் எங்கே என்று கேட்டார்கள். இன்று அந்தப் பெட்டியும் போய், கைபேசியில் சுருதி வைத்துக்கொண்டு பழகாத மாணவன் அபூர்வம். சங்கீதம் செத்துவிடவில்லை. போனது வேறொன்று: பாடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, சும்மா மீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் காதில் வாங்கிக்கொண்டிருந்த அந்த மாணவன். தம்பூராவைக் காப்பாற்றவேண்டும் என்று வாதாடியவர்களில் எத்தனை பேர் அவனைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று தெரியவில்லை. சப்தத்தின் நகல் சரியாக இருக்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தால், அதோடு சேர்ந்து அறையை விட்டு எழுந்து போகிற ஆளைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

3

இனி அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். தெரியாமல் திட்டுவது நமக்குப் பழக்கம்தான் என்றாலும்.

எங்கள் கிளைக்கு வருகிற இளைஞன் ஒருவன். வயது இருபத்தாறு. உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. தாமிரபரணிப் பக்கத்து ஊர்க்காரன். அங்கே சர்ச்சில் பாஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவன். இங்கே, வயலை விற்ற பணத்தில் ஒருவர் கட்டியிருக்கும் வரிசை அறைகளில் ஒன்றில் இருக்கிறான். பத்தடிக்குப் பத்தடி. ஐந்து பேர், மூன்று ஷிஃப்ட். எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு பேராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பாஸ் கிதாரை ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டான். ஆம்பைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் எங்கே வைப்பது, யாரை எழுப்புவது?

அவனிடம் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லாப்டாப் இருக்கிறது. 2011ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தது. 'விலையில்லா மடிக்கணினி' என்பது உத்தியோகபூர்வமான பெயர். விலையில்லாதது என்றால் இலவசம் என்றும் சொல்லலாம், மதிப்பிட முடியாதது என்றும் சொல்லலாம். கிதார் ஒயரை வாங்கிக்கொண்டு யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினான். மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவில்லை. நல்ல மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலை இப்படி நடக்கிறது. தந்தியின் மின் அலையை அந்தப் பெட்டி வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. மென்பொருள் அந்த எண்களை ஒரு வால்வு ஆம்ப் எப்படி வளைக்குமோ அப்படி வளைக்கிறது. பழைய முறையில் சர்க்யூட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் சமன்பாடு எழுதுவார்கள். புது முறையில் உண்மையான ஆம்ப் ஒன்றுக்குள் சில நிமிஷம் சோதனை ஒலியை அனுப்பி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணினியே கற்றுக்கொள்ளும்படி விடுகிறார்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் இந்த வகை. அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. கோயில் மண்டபத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மண்டபம் தன் குணத்தோடு பதில் சொல்கிறதல்லவா? அதேபோல் ஸ்பீக்கரையும் அதன் முன் வைத்த மைக்கையும் ஒரு கணம் தட்டி, வந்த பதிலை எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அந்தப் பதிலோடு பெருக்கிக் கூட்டிவிடுகிறார்கள். எங்கோ ஒரு நாள், யாரோ வைத்த மைக், எந்த ஊர் என்று தெரியாத அறை. அது இவனுடைய காதுக்குள் விரிகிறது. பத்தடி அறைக்குள் இன்னோர் அறை. இதை அற்புதம் என்று சொல்ல நான் கூச்சப்படவில்லை.

ஆனால் பழைய லாப்டாப். எண்களைச் சிறு சிறு கட்டாக வாங்கித்தான் கணக்குப் போட முடியும். புதுக் கணினியாக இருந்தால் 128 எண்கள் கொண்ட கட்டு போதும். அதன் தாமதம் 2.9 மில்லிவினாடி, சப்தம் காற்றில் ஒரு மீட்டர் நகரும் நேரம். இவனுடையது 512க்குக் குறைந்தால் கரகரக்கிறது. உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக ஒரு கட்டு என்று கூட்டினால் 23 மில்லிவினாடி. அதாவது மடியில் இருக்கும் பாஸின் சப்தம் எட்டு மீட்டர் தள்ளியிருந்து வருவதுபோல் வருகிறது. அறையின் நீளமே மூன்று மீட்டர்தான். விரல் இந்த தூரத்தைத் தெரிந்துகொள்கிறது. மனசு அறியாமலே, தாளம் சரியாக விழவேண்டும் என்பதற்காக ஒரு இழை முன்னால் அடிக்கப் பழகிக்கொள்கிறது.

இதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கிவிடலாம். காசு இருந்தால் தீர்ந்துபோகும் குறைதான். என்னை உறுத்துவது, இந்தக் குறையை அந்த அறைக்குள் இருந்துகொண்டு அவன் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பது. ஹெட்போனில் எல்லாம் சரியாகத்தான் கேட்கும். தவறு அவனுடைய காதுக்கு எட்டாதபடி, அவனுடைய உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

4

தவறு என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் தனி அந்தஸ்து உண்டு. இங்கே எல்லாத் தொழிற்சாலைகளும் அதை எதிர்த்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வரிசையின் முடிவில் ஒவ்வொரு பாகமும் இரண்டில் ஒன்று: ஓகே, அல்லது என்.ஜி. அதிகம் படிக்காத பையன்கூட 'இன்னிக்கு ரெண்டு என்.ஜி. போயிருச்சு சார்' என்கிறான். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ 1960களில் ஒரு முறையை வகுத்தார். பாகத்தைத் தலைகீழாக மாட்டவே முடியாதபடி துளையை அமைப்பது, ஒரு திருகை விட்டுவிட்டால் யந்திரம் நகராதபடி செய்வது போன்றவை. முதலில் அதற்கு வைத்த பெயர் பாக்கா-யோக்கே, முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று அர்த்தம். தொழிலாளி ஒருத்தி, நான் முட்டாளா என்று மனம் உடைந்துபோனாள் என்றும், அதனால் போக்கா-யோக்கே, கவனப்பிசகைத் தடுப்பது என்று பெயரை மாற்றினேன் என்றும் ஷிங்கோவே பதிவு செய்திருக்கிறார். பெயர் மாறிவிட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்வி மாத்திரம் உலகத்துத் தொழிற்சாலைகளில் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மின்கிதாரின் சரித்திரமோ இதற்கு நேர் எதிரானது, அது என்.ஜி.களின் சரித்திரம். தாங்கும் அளவுக்கு மேல் அலையைச் செலுத்தினால் வால்வு அதன் உச்சியை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் முதலில் இல்லாத மேல்ஸ்வரங்கள் முளைக்கும். பொறியாளனின் பாஷையில் இது பழுது. லிங்க் ரே 1958ல் பென்சிலால் ஸ்பீக்கரின் காகிதத்தைக் குத்தினார். 1964ல் இங்கிலாந்தில் டேவ் டேவீஸ் என்ற பையன் பிளேடால் கிழித்தான். கிழிந்த காகிதத்தின் கரகரப்பை உலகம் விரும்பிக் கேட்டது. அப்புறம் அந்தப் பழுதைப் பெட்டியில் அடைத்து எஃபெக்ட்ஸ் பெடல் என்று விற்றார்கள். இப்போது அது மென்பொருளில் ஒரு பொத்தான். கிழிசலின் அளவைக்கூட ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம். பகலில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகைக்கூடச் சகிக்காத வரிசையில் நிற்கிறவன், இரவில் அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு கிழிசலைப் பத்திரமாக ஹெட்போனில் கேட்கிறான்.

இதில் ஒரு விடுதலை இருக்கிறது என்று வாதிக்க எனக்கு ஆசைதான். சீக்கிரம் முடிந்துவிடுகிற வாதம் அது. மென்பொருளில் இருக்கும் பிழை வேறு ஒருவருடைய பிழை. ஒரு தடவை நடந்து, அங்கீகாரம் பெற்று, எண்ணாகிவிட்ட பிழை. அதற்குப் பிழையின் குணம் போய்விட்டது, இனி அதனால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அவனுடைய சொந்தப் பிழைக்கு, முந்தி விழுகிற அந்த விரலுக்கு, இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன. தொழிற்சாலையில் பிழை எண்ணப்படும். ஹெட்போனுக்குள் பிழை யாருக்கும் தெரியாது.

'தப்பு பண்ணா எனக்கு மட்டும்தான் தெரியும் சார். அதான் நிம்மதி' என்று அவன் சொன்னான்.

நான் அந்த நிம்மதியை மதிக்கிறேன். நாள் முழுக்க எண்ணப்படுகிறவனுக்கு எண்ணப்படாத ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சாயங்காலம் கேஷ் கணக்கு ஒரு ரூபாய் பிசகினாலும் வீட்டுக்குப் போக முடியாத என் போன்றவனுக்குத் தெரியும். ஆனால் பிழை என்பதற்கு மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அங்கே அது பிறர் காதில் விழும், எண்ணப்படாது, ஆள் புரிந்துகொள்ளப்படுவான். கூட வாசிக்கிறவன் ஒரு பார்வை பார்ப்பான், அல்லது அடுத்த ஆவர்த்தத்தில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து இவனைச் சேர்த்துக்கொள்வான். கலை என்று நாம் சொல்கிற காரியம் பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்தில்தான் வளர்ந்திருக்கிறது.

5

பாஸ் கிதார் என்ற வாத்தியத்தை வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாஸ் தனக்காக வாசிக்கப்படுவதில்லை. அது பாட்டுக்குத் தரை. 1976ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்த பிறகு தமிழ் சினிமாப் பாட்டில் பாஸ் கிதார் தரையாக மாத்திரம் இல்லாமல் பாட்டுக்குள் ஓடுகிற இன்னொரு பாட்டாகவும் ஆயிற்று. ஆனால் அந்தப் பாட்டுகளை நம் பெற்றோர்கள் கேட்ட டிரான்ஸிஸ்டரின் சின்ன ஸ்பீக்கர் அத்தனை தாழ்ந்த ஸ்வரங்களை எழுப்பவே எழுப்பாது. பலருக்கு அந்த உள்பாட்டு முதன்முதலாகக் காதில் விழுந்ததே ஹெட்போன் வந்த பிறகுதான். ஹெட்போன் நமக்குக் கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸின் அடித் தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அவன் அறையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். உச்ச ஸ்வரங்களைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த ஸ்வரம் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்காரனின் கட்டிலுக்குள் போய்விடும். எனவே பாஸ்காரன்தான் முதலில் வாயை மூடிக்கொள்ளவேண்டிய சங்கீதக்காரன்.

சட்டமும் அதையே சொல்கிறது. 2000ஆம் வருஷத்து ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. நியாயமான விதிகள்தான், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவனின் தூக்கத்தைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. இந்த வட்டாரத்தில் யந்திரத்துக்கு அனுமதித்திருக்கும் சப்தம் மனிதனுக்கு இல்லை. யந்திரத்தின் சப்தம் உற்பத்தி. மனிதனின் சப்தம் தொந்தரவு. மனிதக் குரல் இங்கே கூட்டமாக வெளியே கேட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் கலந்து பலர் நோயில் விழுந்தபின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தின் அங்கீகாரம் கேட்டு 37 நாள் வெளியே இருந்தார்கள். இரண்டிலும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்: எங்களையும் காதில் வாங்குங்கள்.

இதற்கும் கிதார் பழகுவதற்கும் நேரடியாகச் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பழக்கம் என்பது ஒரு இடத்தில் மாத்திரம் நிற்காது. யாருக்கும் கேட்காமல் இருப்பதே நல்ல நடத்தை என்று ஒருவன் தினம் ஒரு மணி நேரம், தன் மிகப் பிரியமான காரியத்திலேயே பயிற்சி எடுக்கிறான். அவனாக விரும்பி எடுக்கிறான். யாரும் அதட்டவில்லை. தூங்குகிறவன்மேல் உள்ள கரிசனமாக அது இருக்கிறவரை அதைப்போல் உயர்ந்த ஒழுக்கம் கிடையாது. சப்தம் போடத் தனக்குத் தகுதியில்லை என்ற எண்ணமாக அது எப்போது மாறுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதாவது, கேட்காது.

6

சோனி கம்பெனி 1979ல், மின்னணுத் தம்பூரா வந்த அதே வருஷம், வாக்மனை வெளியிட்டது. அதன் முதல் மாடலில் இரண்டு ஹெட்போன் மாட்டத் துளைகள் இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மாத்திரம் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரீட்டாவுக்குத் தோன்றியதாம். பாட்டின் ஒலியைத் தாழ்த்தி இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொத்தான்கூட இருந்தது. பின்னால் வந்த மாடல்களில் இரண்டும் போய்விட்டன. ஜனங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு கருவியைச் செய்தவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த சங்கடத்தை, உபயோகித்தவர்கள் சீக்கிரம் போக்கிவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். தொழிற்சாலைகளுக்குப் போகும் பஸ்கள் இன்று அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. குருபரம்பரைக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருக்கோஷ்டியூர் நம்பி பதினெட்டு முறை அலையவிட்டு, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு காதில் சொன்ன ரகசியத்தை ராமானுஜர் கோயில்மேல் ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். நரகம் கிடைக்குமே என்றதற்கு, நான் ஒருவன்தானே போவேன் என்றார். இந்தக் கதையைப் பக்தர்கள் கருணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள், சீர்திருத்தக்காரர்கள் சமத்துவத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. காதில் கிடைத்தது காதிலேயே இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும். சுத்தமாகவும் இருந்திருக்கும். வெளியே சொன்னதும் அது தப்பும் தவறுமாகப் பலர் வாயில் புகுந்திருக்கும். அந்தச் சேதாரத்தை ஏற்றுக்கொண்டுதான் அவர் ஏறினார்.

நண்பரின் வாதத்துக்கு என் பதில் இவ்வளவுதான். லாப்டாப்பில் இருக்கும் ஆம்ப் போலி இல்லை. வால்வும் காகிதமும் எப்படி ஒரு காலத்துப் பொருள்களோ அப்படி இதுவும் ஒரு காலத்துப் பொருள். அதில் பழகுகிறவன் பாவனை செய்யவில்லை. அவன் விரல் நோவது நிஜம். என் தொழில் பாஷையில் சொன்னால், அது கடன். இன்னோர் ஊரின் அறையை, இன்னொருவர் வைத்த மைக்கை, யாரோ செய்த பழுதை, எல்லாவற்றையும்விட, பக்கத்தில் தூங்குகிறவனின் அமைதியைக் கடனாக வாங்கித்தான் அவன் பழகுகிறான். கடன் வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. இந்தச் சாலையில் கடனில்லாத வீடே கிடையாது. அசலைத் திருப்பவேண்டும் என்பது மட்டும்தான் விஷயம். சங்கீதத்தில் அசலைத் திருப்புவது என்றால் என்றைக்காவது ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முகம் தெரிந்த ஒரு மனிதனின் காதில் விழும்படி, தப்பு வந்தாலும் பரவாயில்லை என்று வாசிப்பது. வாசித்துப் பழகினதற்கு வட்டி மாத்திரம் கட்டிக்கொண்டே காலம் தள்ளலாம். நன்றாகத் தள்ளலாம். பலர் எழுத்தில் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு வசதி வேண்டாமா என்று கேட்பது நியாயம். பத்தடி அறையில் இருப்பவனை நோக்கி, நீ ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கும் அதிகாரம் வாடகை வீட்டு மாடியில் தனி அறை வைத்திருக்கும் எனக்குக் கிடையாது. வெளியே வர ஓர் இடம் வேண்டும். இத்தனை ஏக்கரில் இத்தனை தொழிற்பேட்டைகளைத் திட்டமிட்டவர்கள், சாயங்காலத்தில் நாலு பேர் சப்தம் போட்டுப் பழக ஒரு கூடத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்கலாம். கண்டெய்னருக்கு இருக்கும் இடம் மனிதனின் பிழைக்கு இல்லை.

சென்ற கிறிஸ்துமஸ் லீவில் அந்தப் பையன் ஊருக்குப் போயிருந்தான். சர்ச்சில் பழைய ஆம்பில் ஒயரை மாட்டி வாசித்திருக்கிறான். டிரம்ஸ் வாசிக்கும் தையல்காரர், அறுபது வயதுக்காரர், இரண்டாவது பாட்டிலேயே அவனைத் திரும்பிப் பார்த்தாராம்.

'எலே, எங்க ஓடுத? யாரு தொரத்துதா?' என்றாராம்.

பாஸ் முந்தி விழுந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு வருஷத்துக்கப்புறம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. கேட்டேன்.

'இல்ல சார். இங்க இத்தனை நாளா யாரும் அதைச் சொல்லலையே' என்றான்.